தமிழைப் பிடித்துக்கொண்டு ஸ்பானியம்

காரமடையிலிருந்து ஸ்பெயினுக்குப் படிக்கக் கிளம்பும் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தை நம்பித்தான் கிளம்புகிறார்கள். எராஸ்முஸ் முண்டுஸ் உதவித்தொகை விண்ணப்பம் ஆங்கிலத்தில், முதுகலை வகுப்பும் பல இடங்களில் ஆங்கிலத்தில். ஆனால் போய் இறங்கிய ஊரில் வீட்டுக்கார அம்மாவும் மருந்துக்கடைக்காரரும் போலீஸ் அலுவலக எழுத்தரும் ஸ்பானியத்தில்தான் பேசுவார்கள். அந்த மொழிக்குள் போக ஆங்கிலத்தைவிடத் தமிழே பல இடங்களில் குறுக்குவழி.

"எனக்குக் காப்பி பிடிக்கும்" என்பதை ஸ்பானியர்களும் "எனக்கு" என்று தொடங்கியே சொல்கிறார்கள்: "மே குஸ்தா எல் கஃபே". "எனக்குத் தலை வலிக்கிறது" என்பதும் இதே அமைப்புதான். ஆங்கிலம் வழியாக வருபவர் "நான் விரும்புகிறேன்" என்று கட்டத் தொடங்கி மாதக்கணக்கில் தடுமாறுவார். வினைச்சொல்லும் அப்படியே. அப்லோ என்றால் பேசுகிறேன், அப்லாஸ் என்றால் பேசுகிறாய், அப்லாமோஸ் என்றால் பேசுகிறோம். ஆள் யார் என்பதை விகுதியே சொல்லிவிடுவதால் 'நான்', 'நாங்கள்' தேவைப்படுவதில்லை. உச்சரிப்பிலும் நமக்கு ஆதாயம் உண்டு. அவர்களுடைய 'த' நம் 'த'; எஸ்பாஞா (ஸ்பெயின்) என்பதில் வரும் 'ஞ' நம் 'ஞ'. பறவையின் றகரத்தை இன்னும் அழுத்தி உருட்டினால் இரட்டை 'ர' வந்துவிடும்.

தமிழ் கைகொடுக்காத இடமும் ஒன்று உண்டு. மேசை அங்கே பெண்பால், புத்தகம் ஆண்பால். அஃறிணைக்கு ஆண், பெண் பார்க்காத நமக்கு இது மனப்பாட வேலைதான். ஒவ்வொரு சொல்லையும் முதல் நாளிலேயே 'எல்', 'லா' என்ற அடைமொழியோடு சேர்த்துப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அடிப்படைப் பாடத்தை ஊரிலேயே முடித்துவிட வேண்டும். ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிறுவனம் டெல்லியில் 2009இலிருந்து இயங்குகிறது; இணையவழியிலும் கற்றுத்தருகிறது. ஏ2 எனப்படும் அடிப்படை நிலையாவது கையில் இருந்தால் முதல் மாத அலைச்சல் பாதியாகக் குறையும்.

அந்த முதல் மாதம்தான் கடினம். ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் மாணவர், வந்த ஒரு மாதத்துக்குள் போலீஸ் அலுவலகத்தில் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துக் கைரேகை கொடுக்க வேண்டும். அதற்கு முன், குடியிருக்கும் முகவரியை நகராட்சியில் பதிய வேண்டும்; 'எம்பாத்ரோனாமியெந்தோ' என்பார்கள். வாடகைக்கு விடுபவர்களில் சிலர் இந்தப் பதிவுக்குச் சம்மதிப்பதில்லை. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். முன்பதிவு இல்லாமல் பெரும்பாலும் உள்ளே விட மாட்டார்கள். பெரிய நகரங்களில் அது எளிதில் கிடைக்காது என்பதால் தினமும் காலையில் இணையதளத்தைத் திறந்து பார்ப்பது ஒரு வேலையாகவே ஆகிவிடும்.

செலவுக் கணக்கையும் முன்பே போட்டுவிட வேண்டும். மாணவர் விசாவுக்குக் காட்ட வேண்டிய பணம் 'இப்ரெம்' என்ற அரசு அளவுகோலைப் பொறுத்தது; 2023இல் அது மாதம் 600 யூரோவாக நிர்ணயிக்கப்பட்டது. மாட்ரிட்டிலும் பார்சலோனாவிலும் அறை வாடகையே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். 1218இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தைச் சுற்றி வாழும் சலமாங்கா போன்ற சிறு நகரத்தில் செலவு குறைவு, பேச்சும் தெளிவு. அந்தலூசியாவில் சொல்லின் கடைசி 'ஸ்' காற்றோடு போய்விடும் என்பதால் புதியவர் காது பழகக் கொஞ்சம் நாளாகும். பார்சலோனாவுக்குப் போகிறவர்கள், பாடம் நடப்பது ஸ்பானியத்திலா கத்தலானிலா என்பதைச் சேரும் முன்பே விசாரித்துக்கொள்வது அவசியம்.

சாப்பாட்டு நேரம் அங்கே வேறு. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். சைவர்கள் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. சூரைமீனோ பன்றித்தொடைத் துண்டோ தட்டில் வந்துவிடலாம். பருப்புக் குழம்பிலும் சோரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சி மிதக்கும். "யேவா ஹமோன்?", அதாவது இதில் பன்றித்தொடை சேருமா என்று உணவின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். கடலையும் துவரையின் தம்பியான மைசூர்ப் பருப்பு வகைகளும் எந்தக் கடையிலும் கிடைக்கும். மசாலாவுக்கு மாட்ரிட்டில் லவாபியேஸ், பார்சலோனாவில் ராவால்.

பெட்டியில் நெய்யும் பால்கோவாவும் வைக்காதீர்கள். வெளிநாட்டுப் பயணி பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. தாவர நலச் சான்று இல்லாத பச்சைக் கறிவேப்பிலைக்கும் இடமில்லை. காரமடைச் செங்காம்புக் கறிவேப்பிலையை வறுத்துப் பொடித்து எடுத்துப் போவதே நல்லது.

தமிழ்ப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து ஒரே வீட்டில் குடியேறினால் சமையல் சுகம், மொழி நஷ்டம். ஒரு உள்ளூர்க்காரராவது உள்ள வீட்டைத் தேடுவதே புத்திசாலித்தனம்.

மரியாதை விஷயத்தில் கொங்குப் பிள்ளைக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஸ்பெயினில் பேராசிரியரையே பெயர் சொல்லி, 'தூ' என்று நீ போட்டுப் பேசுவது சகஜம். "வாங்க, சொல்லுங்க" என்று சின்னப் பிள்ளையையும் அழைத்துப் பழகிய நாவுக்கு அது கூச்சமாக இருக்கும். பெரியவர்களிடம் 'உஸ்தேத்' என்றே பேசுங்கள், யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். கொலம்பியாவின் பொகோத்தாவுக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சங்கடமே இல்லை. அங்கே வீட்டுக்குள்ளும் நண்பர்களிடமும் 'உஸ்தேத்' புழங்குகிறது, நம்மூர் 'ங்க' மாதிரியே.

கற்றதற்குச் சான்று வேண்டும் என்றால், டெலே என்ற ஸ்பானியத் தேர்வின் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. சியெலே என்ற இன்னொரு தேர்வின் சான்று ஐந்தாண்டு மட்டுமே செல்லும். ஊர் திரும்பி, ஸ்பெயினுக்குத் துணி அனுப்பும் திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களில் வேலை தேட நினைப்பவர்கள் டெலே பி2 எழுதிவிட்டு வரட்டும்.