உடற்பருமனுக்கு அறுவைச் சிகிச்சை: புதிதாக வருவோரின் ஐயங்களும் விளக்கங்களும்

உடற்பருமன் மிகுந்த ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை உகந்தது என்று வைத்தியர் ஆலோசனை கூறியவுடன், அவருடைய மனத்திலும் குடும்பத்தாரின் மனத்திலும் பல வினாக்கள் எழுகின்றன. இச்சிகிச்சையை முன்னரே செய்துகொண்டவர்கள் கூடிப் பேசும் ஆதரவுக் குழுக்களுக்குப் புதிதாக வருவோர் கேட்பனவும் பெரும்பாலும் அவ்வினாக்களே. ஆபத்து உண்டா? எத்தனை கிலோ குறையும்? பிறகு என்ன உண்ணலாம்? இவற்றுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். புதியவர்கள் அதிகம் கேட்காத, ஆயினும் எல்லாவற்றினும் முக்கியமான மற்றொரு வினாவும் உண்டு. அறுவைக்குப் பின் எத்தனை காலம் பராமரிப்பு வேண்டும் என்பதே அது. ஆயுள் முழுவதும் வேண்டும் என்பதே அதற்குரிய விடை. அவ்வாறு கூறுவதற்குரிய காரணங்களைப் பின்னர்க் காண்போம்.

இச்சிகிச்சை யாருக்கு உரியது?

எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் அளந்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்கு உடல் நிறைக் குறியீடு என்று பெயர். உதாரணமாக, ஒருவரின் உயரம் 1.60 மீட்டர், எடை 90 கிலோகிராம் என்று கொள்வோம். உயரத்தின் வர்க்கம் 2.56. ஆகவே அவருடைய குறியீடு ஏறத்தாழ 35 ஆகும்.

உடற்பருமன் அறுவைச் சிகிச்சைக்கான சர்வதேசச் சம்மேளனமும் அமெரிக்கச் சங்கமும் சேர்ந்து 2022-ஆம் ஆண்டில் வழிகாட்டும் விதிகளை வெளியிட்டன. அவற்றின்படி, குறியீடு 35 அல்லது அதற்கு மேற்பட்டவர்களுக்கு, வேறு நோய் இல்லாவிடினும், இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம். ஆசிய மக்களுக்கு இன்னும் குறைந்த எல்லை, அதாவது 27.5, போதுமானதென அவ்விதிகள் கூறுகின்றன. நம்மவர்க்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுப் பகுதியில் கொழுப்புச் சேர்ந்து நீரிழிவு போன்ற நோய்கள் தோன்றுவதே இதற்குக் காரணம். எனினும் எண் ஒன்றினால் மட்டும் முடிவு செய்தல் தகாது. இருதயம், நுரையீரல், மனநிலை ஆகியவற்றைப் பரிசோதித்த பின்னரே வைத்தியர் தீர்மானிப்பார்.

இது மனவுறுதி இல்லாதவர்களின் குறுக்குவழியா?

அன்று. எடை குறையத் தொடங்கியதும், இழந்ததை மீட்க உடல் தானே முயல்கிறது, பசி மிகுகிறது, சக்திச் செலவு குறைகிறது. மனவுறுதி மிக்கவர்களும் பத்தியத்தால் குறைத்த எடையைத் திரும்பப் பெறுவது இதனாலேதான்.

இன்று வழக்கிலுள்ள முறைகளுள் இரண்டு முக்கியமானவை. ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையின் நான்கில் மூன்று பங்கிற்கும் மேலான பகுதி அகற்றப்படுகிறது. எஞ்சியிருப்பது சட்டைக் கையைப் போன்ற ஒடுங்கிய குழாய். ‘பைபாஸ்’ முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையை அமைத்து, அதனைச் சிறுகுடலின் சற்றுக் கீழான பகுதியுடன் இணைக்கின்றனர். ஆதலின் உணவு, சிறுகுடலின் முதற்பகுதியைத் தொடாமலே செல்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் டாக்டர் எட்வர்ட் மேசன் 1966-இல் தொடங்கிய முறையே பின்னர்த் திருத்தம் பெற்று இவ்வடிவை அடைந்தது. இக்காலத்தில் இவ்விரண்டும் பெரும்பாலும் சிறு துளைகளின் வழியே செய்யப்படுகின்றன.

இரைப்பை சிறுத்துவிடுவதால் மட்டும் எடை குறைவதில்லை. ஜப்பானிய விஞ்ஞானிகள் 1999-இல் கண்டறிந்த ‘கிரெலின்’ என்னும் ஹார்மோன் பசியைத் தூண்டுவது. அது பெருமளவில் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. ‘ஸ்லீவ்’ முறையில் அப்பகுதி அகற்றப்படுவதால் அதன் அளவு குறைகிறது. உணவு விரைவில் கீழ்க்குடலை அடைவதால், வயிறு நிறைந்த உணர்வைத் தரும் ‘ஜி.எல்.பி.-1’ என்னும் ஹார்மோன் மிகுகிறது. ஆகவே இது வெறும் அடைப்பு வேலையன்று. பசியை ஆளும் இரசாயனச் செய்திகளை மாற்றியமைக்கும் சிகிச்சையாகும்.

ஆபத்து உண்டா?

எந்த அறுவைச் சிகிச்சையிலும் ஆபத்து உண்டு. முதன்முறையாக உடற்பருமன் அறுவை செய்துகொண்ட 4,776 பேரை ஆராய்ந்து, அமெரிக்காவில் 2009-இல் வெளியான அறிக்கையின்படி, முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மூவர். தையலிட்ட இடத்தில் கசிவு, இரத்தப் பெருக்கு, காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குச் செல்லுதல் ஆகியவையே அஞ்சத்தக்கவை. வீடு திரும்பிய பின் நாடித் துடிப்பு மிகுதல், காய்ச்சல், ஓயாத வயிற்று வலி, மூச்சுத் திணறல், கெண்டைக்காலில் வீக்கம் இவற்றுள் ஒன்று காணினும் மறுநாள்வரை காத்திராமல் ஆஸ்பத்திரியை அடைய வேண்டும்.

எவ்வளவு எடை குறையும்? நீரிழிவு நீங்குமா?

சுவீடன் நாட்டில் 1987-இல் தொடங்கிய நெடுங்கால ஆராய்ச்சியில், ‘பைபாஸ்’ செய்துகொண்டவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் சராசரியாக 32 சதவிகித எடையை இழந்தனர். பத்தாம் ஆண்டின் முடிவில் அக்குறைவு 25 சதவிகிதமாக இருந்தது. நூறு கிலோ எடையுள்ளவர் 68 கிலோவுக்கு இறங்கிப் பின்னர் 75 கிலோவில் நிற்கக்கூடும் என்பது இதன் பொருள். இந்தச் சிறு ஏற்றத்தைத் தோல்வி என்று கருதி மனம் தளர வேண்டுவதில்லை. அறுவை செய்துகொண்டவர்களிடையே மரணங்கள் குறைவு என்பதும் அதே ஆராய்ச்சியால் விளங்கியது.

நீரிழிவு பலருக்கு வியக்கத்தக்க அளவில் தணிகிறது, எல்லோருக்கும் அன்று. 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், ஐந்தாண்டு முடிவில் இரத்தச் சர்க்கரை இலக்கை எய்தியவர்கள் ‘பைபாஸ்’ பிரிவில் 29 சதவிகிதம், ‘ஸ்லீவ்’ பிரிவில் 23 சதவிகிதம், மருந்து மட்டும் உண்ட பிரிவில் 5 சதவிகிதம். அறுவை முடிந்த சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கத் தொடங்குமாதலால், இன்சுலின் முதலிய மருந்துகளின் அளவை வைத்தியர் உடனே மாற்றியமைக்க வேண்டும். பழைய அளவையே தொடர்வது அபாயகரமானது.

என்ன உண்ணலாம்?

முதலில் தெளிந்த நீராகாரம், பின்னர்ப் பால் போன்ற திரவங்கள், அதன்பின் மசித்த உணவு, இறுதியில் கெட்டி உணவு என்று சில வாரங்களில் படிப்படியாக முன்னேற வேண்டும். சிறு கவளங்களாக, நன்கு மென்று, நிதானமாக உண்ணுதல் அவசியம். உணவுடன் தண்ணீர் அருந்தலாகாது. அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதச் சத்து தேவை. நமது நாட்டு உணவில் இது எளிதன்று. ஐம்பது கிராம் பருப்பில் ஏறத்தாழ 11 கிராம் புரதமும், ஒரு முட்டையில் 6 கிராமும், ஒரு தம்ளர் பாலில் 6 அல்லது 7 கிராமும் உள்ளன. சிறுத்துப்போன இரைப்பையைச் சோற்றாலும் சப்பாத்தியாலும் நிரப்பிவிட்டால் பருப்புக்கு இடமிராது. ஆகவே பருப்பு, முட்டை, பன்னீர், மீன் ஆகியவற்றை முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில் கொள்வது முறை. மரக்கறி உணவினர்க்குப் பெரும்பாலும் புரதப் பொடியும் வேண்டியிருக்கும்.

மாத்திரைகள் எத்தனை நாட்களுக்கு?

இதுவே இக்கட்டுரையின் மையமான வினா. கத்திக்கு அஞ்சுவோர் பலர்; மாத்திரையை நிறுத்த அஞ்சுவோர் சிலரே. உட்கொள்ளும் உணவும் குறைந்து, அதைக் கிரகிக்கும் வழியும் மாறிவிட்டபடியால், வைட்டமின் எனப்படும் ஜீவசத்துக்களும் உலோகச் சத்துக்களும் உடலில் குறையத் தலைப்படுகின்றன. அக்குறைவு வெளிப்படும் காலம் சத்துக்குச் சத்து மாறுபடும்.

வைட்டமின் பி1 உடலில் இரண்டு மூன்று வாரங்களுக்குப் போதுமான அளவே சேமிப்பில் உள்ளது. தீட்டிய அரிசியையே முக்கிய உணவாகக் கொண்டவர்களை முன்னாளில் பீடித்த பெரிபெரி நோய் இதன் குறைவால் வந்ததே. அறுவைக்குப் பின் பல நாட்கள் ஓயாமல் வாந்தி எடுப்பவருக்கு இச்சத்து தீர்ந்துபோய், பார்வை இரட்டையாதல், நடை தள்ளாடுதல், சிந்தை குழம்புதல் ஆகியவை தோன்றக்கூடும். இந்நிலையில் பி1 கொடுக்காமல் குளுகோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கு நிரந்தரத் தீங்கு நேரலாம். நோயாளியைக் காணும் எந்த வைத்தியரிடமும், அறுவை செய்துகொண்ட செய்தியை முதலில் கூற வேண்டுவது இதனாலேதான்.

வைட்டமின் பி12 இதற்கு நேர்மாறானது. கல்லீரலில் அதன் சேமிப்பு ஆண்டுக் கணக்கில் நீடிக்கும். மாத்திரையை நிறுத்தியவருக்கு முதல் ஆண்டில் ஒரு குறையும் தெரியாது. "எனக்கு அது தேவையில்லை" என்று அவர் முடிவு செய்துவிடுகிறார். பின்னரே இரத்தச் சோகை, பாதங்களில் மரமரப்பு, மறதி ஆகியவை மெல்லத் தலைகாட்டுகின்றன. நரம்பு பழுதுபட்ட பின் முழுமையாகத் தேறுமென்று உறுதி கூற இயலாது. இச்சத்து இயற்கையில் பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலேயே கிடைப்பதால், மரக்கறி உணவினர் இதில் இரட்டிப்புக் கவனம் செலுத்த வேண்டும்.

இரும்பும் சுண்ணாம்பும் பெரிதும் கிரகிக்கப்படுவது, ‘பைபாஸ்’ முறையில் விலக்கப்படும் சிறுகுடலின் முதற்பகுதியில்தான். இரண்டையும் ஒரே வேளையில் உண்டால் ஒன்று மற்றொன்றைத் தடுக்கும். இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

வேறு சில ஐயங்கள்

மூன்றாம் மாதம் முதல் முடி உதிர்வது வழக்கம்; புரதமும் இரும்பும் போதுமானால் சில மாதங்களில் மீண்டும் வளரும். பெண்களுக்குக் கருவுறும் வாய்ப்பு எடை குறையும்போது மிகுகிறது. எனினும் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதங்கள்வரை கர்ப்பத்தைத் தள்ளிவைப்பது நலம். புகைபிடித்தலும், மூட்டு வலிக்குத் தாமாகவே வாங்கி உண்ணும் சில வலிநிவாரண மாத்திரைகளும் ‘பைபாஸ்’ இணைப்பில் புண்ணை உண்டாக்கும். மது முன்னினும் விரைவாக இரத்தத்தில் ஏறும்.

முடிவாக

அறுவை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதன் பயன் நிலைப்பது, முதல் ஆண்டில் சில மாதங்களுக்கு ஒருமுறையும் பின்னர் ஆண்டுதோறும் செய்யும் இரத்தப் பரிசோதனையைப் பொறுத்தது. சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு: "பத்தாண்டுகளுக்குப் பின்னும் நான் இம்மாத்திரைகளை உண்டு, இப்பரிசோதனைகளுக்குச் செல்வேனா?" ஆம் என்று கூறக்கூடியவருக்கு இச்சிகிச்சை பெரிதும் பயன் தரும். தயக்கம் உள்ளவர், அறுவைக்கு நாள் குறிக்குமுன் அத்தயக்கத்தை வைத்தியரிடமும் குடும்பத்தாரிடமும் மனம்விட்டுப் பேசுவது நன்று.