'செய்தேன்' என்று எழுது

அன்புள்ள மகனுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். நேற்று இரவு போனில் நீ கேட்டதற்குப் பிடிகொடுக்காமல் வைத்துவிட்டேன். பேசினால் பாதி காற்றோடு போய்விடும் என்றுதான் இந்தக் கடிதம்.

இரண்டாம் ஆண்டில் நண்பனின் புரோகிராமை எடுத்து உன் அசைன்மென்டாகக் கொடுத்தாய். அதற்குப் பூஜ்யம், கூடவே ஓராண்டு புரொபேஷன். இப்போது பிஎச்.டி. விண்ணப்பத்தில், உன்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டதுண்டா என்று ஒரு கேள்வி. டிரான்ஸ்கிரிப்டில் இல்லாததை நாமாக எதற்குச் சொல்வானேன், 'இல்லை' என்று டிக் அடி என்கிறார்கள் உன் அறைத்தோழர்கள்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊர்ப் பழக்கம் அது. கல்லூரி நாட்களில் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு விடுதிச் சுவர் ஏறிக் குதித்து மாட்டிக்கொண்டவள் நான். வார்டன் மன்னிப்புக் கடிதம் வாங்கினார், அபராதமும் கட்டினேன். படிப்பு முடிந்து டி.சி. வாங்கிப் பார்த்தால் நடத்தைக்கு நேரே 'நன்று'. வகுப்பில் எல்லோருக்கும் அதே 'நன்று'தான். (உன் அம்மாவுக்கு இது தெரியாது.) அங்கே நம் நடத்தையைக் கல்லூரி எழுதித் தரும். இங்கே அமெரிக்காவில் உன்னையே எழுதச் சொல்கிறார்கள்.

முதல் வேலை, கேள்வியைச் சொல் சொல்லாகப் படிப்பது. எல்லாப் பல்கலைக்கழகமும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. இடைநீக்கமோ நீக்கமோ உண்டா என்று மட்டும் கேட்டால் உன் உண்மையான பதில் 'இல்லை'தான். அங்கே வலியப் போய் வாக்குமூலம் கொடுக்காதே. புரொபேஷனையும் சேர்த்துக் கேட்டால் 'ஆம்'. மருத்துவக் கல்லூரிகளுக்கான 'ஆம்காஸ்' விண்ணப்பம் சந்து பொந்தே வைக்கவில்லை. டிரான்ஸ்கிரிப்டில் ஏறாவிட்டாலும், ஏறிப் பின் அழிக்கப்பட்டிருந்தாலும் சொல் என்கிறது. விளக்கத்துக்கு 1,325 எழுத்துகள் தருகிறது. சட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு இன்னும் நெருக்கடி. படித்து முடித்து வழக்கறிஞராகப் பதியும்போது, அன்று கல்லூரிக்குக் கொடுத்த விண்ணப்பத்தையும் எடுத்துவைத்து ஒப்பிடுவார்கள். பழைய தவறைவிட, அதை மறைத்ததுதான் அங்கே பலருக்கு வினையாகியிருக்கிறது. 'காமன் ஆப்' இந்தக் கேள்வியை 2021-லேயே எடுத்துவிட்டதே என்பாய். அது இளநிலைச் சேர்க்கைக்கான படிவம். அங்கும் தனித்தனிக் கல்லூரிகள் கேட்கத் தடையில்லை.

அடுத்து, உன் கோப்பைக் கேட்டு வாங்கு. நினைவை நம்பி எழுதாதே. வார்னிங் என்று ஒருவர் நினைத்திருப்பது அங்கே புரொபேஷனாக இருக்கலாம். தேதியும் விதியின் பெயரும் மாறியிருக்கலாம். 'ஃபெர்பா' என்ற 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கேட்ட 45 நாளுக்குள் உன் கோப்பை உனக்குக் காட்டியாக வேண்டும். அதே சட்டம், சில நிபந்தனைகளோடு, நீ சேர விரும்பும் பல்கலைக்கழகத்துக்கு உன் பழைய பல்கலைக்கழகம் அந்தக் கோப்பை உன் சம்மதம் இல்லாமலே அனுப்பவும் இடம் தருகிறது. பின்னால் தெரியவந்தால், கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறலாம், படிப்பின் நடுவில் வெளியேற்றலாம், பட்டத்தையே ரத்து செய்யலாம். விண்ணப்பத்தின் கடைசியில் நீ கையெழுத்திடும் உறுதிமொழி வேறு எதற்கு?

இனி, நீ அனுப்பிய விளக்கத்துக்கு வருகிறேன். 'சூழ்நிலையின் அழுத்தத்தால் ஒரு தவறு நேர்ந்துவிட்டது' என்று தொடங்கியிருக்கிறாய். ஆங்கிலத்தில்தான் எழுதியிருக்கிறாய், ஆனால் ஒளிந்துகொள்ளும் வித்தை நம் தமிழுடையது. நேர்ந்துவிட்டது, நடந்துவிட்டது, ஆகிவிட்டது. யார் செய்தார் என்றே தெரியாது, என்னமோ மழை பெய்த மாதிரி. சேர்க்கைக் குழுவில் எட்டு வருஷம் உட்கார்ந்தவள் சொல்கிறேன், அந்த மழை வாக்கியத்தைப் படித்ததும் எங்களுக்குச் சந்தேகம்தான் வரும். உன் பேராசிரியர் கண்டிப்பானவர் என்ற வரியையும் அடித்துவிட்டேன். அது அவரைப் பற்றிய விண்ணப்பம் இல்லை.

இப்படி எழுது: இன்ன பருவத்தில், இன்ன பாடத்தில், நண்பர் எழுதிய புரோகிராமை என்னுடையதாகக் கொடுத்தேன். விசாரணையில் ஒப்புக்கொண்டேன். இன்ன தண்டனை, இன்ன தேதியில் முடிந்தது. பிறகு, இறுதியாண்டில் அதே பாடத்துக்கு டி.ஏ.வாக (கற்பித்தல் உதவியாளராக) இருந்து ஜூனியர்களின் புரோகிராம்களைத் திருத்தினாயே, அதைச் சொல். 'திருந்திவிட்டேன்' என்று நீயே சொல்லிக்கொள்வதைவிட அந்த ஒரு வரி எடை கூடியது. ஏழெட்டு வரி போதும். எஸ்.ஓ.பி.யில் (நோக்க அறிக்கையில்) இதை இழுக்காதே, அது உன் ஆராய்ச்சிக்கான இடம். பரிந்துரைக் கடிதம் தரும் பேராசிரியர்களிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு. வேறு வழியாக அவர்கள் காதுக்குப் போகக் கூடாது.

இதனால் ஓரிடத்தில் வாய்ப்புப் போகாது என்று உறுதி தர என்னால் முடியாது. போகலாம். ஆனால் இரண்டாம் ஆண்டில் ஒரு அசைன்மென்ட், அதற்குப் பின் சுத்தமான மூன்று வருஷம் என்ற அளவுக்கு, நாங்கள் பெரும்பாலும் அடுத்த பக்கத்தைத்தான் புரட்டியிருக்கிறோம்.

உன் கெடுவெல்லாம் டிசம்பரில். 45 நாளைக் கழித்துப் பார், கோப்பு கேட்டு நாளைக்கே மெயில் அனுப்ப வேண்டும். உன் அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது நீயே சொல். வேண்டுமானால் என் சுவர் ஏறிய கதையையும் சேர்த்துச் சொல்லிக்கொள்.

அன்புடன்,
பெரியம்மா