உற்றது உரைத்தலும் உறுவது கூறலும்: முதுகலைத் தமிழ் மாணவர்களின் நிறைவுநிலைக் கருத்தறிதலுக்கு ஒரு வினாநிரல்

ஆய்வுச் சுருக்கம்

முதுகலைப் படிப்பை நிறைவுசெய்யும் மாணவர்களிடம் கல்வி அனுபவத்தையும் தொழில் ஆயத்தத்தையும் கேட்டறியும் முறை இக்கட்டுரையின் பொருள். நடப்பிலுள்ள கருத்தறி படிவங்கள் மாணவரின் மனநிறைவை அளக்கின்றன. அவருக்கு நேர்ந்ததையும் அவர் செல்லவிருக்கும் வழியையும் அறிவதில்லை. நன்னூல் கூறும் வினா, விடை வகைகளை அளவுகோலாகக் கொண்டு இக்குறை விளக்கப்படுகிறது. செம்பட்டி வட்டாரம் போன்ற ஊரகப் பின்புலத்திலிருந்து வரும் முதுகலைத் தமிழ் மாணவர்களுக்கு ஏற்ற வினாநிரலும், அதனைக் கையாளும் நெறியும் முன்வைக்கப்படுகின்றன. இது கருவி வடிவமைப்புப் பற்றிய கட்டுரை. களத் தரவுகளின் தொகுப்பன்று.

திறவுச்சொற்கள்: நிறைவுநிலைக் கருத்தறிதல், முதுகலைத் தமிழ், வினாநிரல், நன்னூல், தொழில் ஆயத்தம், செம்பட்டி.

1. முன்னுரை

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வழியாகத் தேனிக்குச் செல்லும் சாலையில் ஆத்தூர் வட்டாரத்தைச் சேர்ந்த செம்பட்டி அமைந்துள்ளது. சுற்றியுள்ள சிற்றூர்களின் மாணவர்கள் உயர்கல்விக்காகத் திண்டுக்கல், நிலக்கோட்டை, பழனி, காந்திகிராமம் ஆகிய இடங்களுக்குச் செல்ல வாய்ப்புடைய பகுதி இது. இவ்வட்டாரத்திற்கு வினவி அறியும் ஆய்வு மரபு புதிதன்று. ஜி. இராமச்சந்திரனும் டி.எஸ். சௌந்திரமும் 1947இல் தொடங்கிய காந்திகிராமப் பணிகளின் தொடர்ச்சியாக 1956இல் ஊரக நிறுவனம் உருவாயிற்று. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. மாணவர்கள் சிற்றூரில் தங்கி ஊராரின் வாழ்வை அறிவது அதன் கல்விமுறையில் இடம்பெற்ற பயிற்சியாகும். 1960களில் காந்திகிராமத்தின் ஊரக நலவாழ்வு, குடும்பநலப் பணிகளுக்கும் ஆய்வுகளுக்கும் ஆத்தூர் ஒன்றியம் களமாக இருந்தது.

ஊராரிடம் எப்படிக் கேட்டால் உண்மை கிடைக்கும் என்பதைக் கள ஆய்வாளர்கள் நன்கறிவர். ஊருக்குள் சென்று கேட்கும்போது காட்டும் அக்கவனத்தை, அதே ஊர்களிலிருந்து வகுப்பறைக்கு வந்து இரண்டாண்டுகளுக்குப் பின் விடைபெறும் மாணவரிடம் கேட்கும்போதும் நாம் காட்டுகிறோமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

2. நடப்பிலுள்ள கருத்தறிதல்

இந்திய உயர்கல்வியில் மாணவர் கருத்தறிதலுக்கு நிலைத்த வடிவம் தந்தது தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு (நாக்) ஆகும். 2017இல் திருத்தியமைக்கப்பட்ட அதன் மதிப்பீட்டுச் சட்டகத்தில் மாணவர் மனநிறைவு ஆய்வு இடம்பெற்றது. அதன் படிவத்தில் 21 வினாக்கள் உள்ளன. அவற்றுள் 20 வினாக்களுக்கு ஐந்து நிலை அளவுகோலில் விடை குறிக்க வேண்டும். எஞ்சிய ஒன்று, கற்றல் கற்பித்தல் மேம்பட மூன்று கருத்துகளைக் கேட்கும் திறந்தநிலை வினா. பாடத்திட்டம் எவ்வளவு நடத்தப்பட்டது, ஆசிரியர் எந்த அளவு ஆயத்தமாக வந்தார், அகமதிப்பீடு நேர்மையாக நடந்ததா என்பன போன்றவை வினாப் பொருள்கள். வேலைவாய்ப்புத் திறன் பற்றிய வினாவும் உண்டு. ஆயினும் அது, மாணவரை ஆயத்தப்படுத்த நிறுவனம் முயன்றதா என்று கேட்கிறதேயன்றி, மாணவர் எதற்கு ஆயத்தமானார் என்று கேட்பதில்லை.

இப்படிவத்தின் நோக்கம் நிறுவனங்களை ஒரே அளவுகோலால் மதிப்பிடுவது. அந்நோக்கத்திற்கு அது பொருந்தும். அதனையே ஒரு துறை, தன் மாணவரை அறியும் கருவியாகவும் கொள்ளும்போதுதான் இடர் எழுகிறது. 2010–11 முதல் நடைபெறும் அகில இந்திய உயர்கல்வி ஆய்வும் நிறுவனங்கள் தரும் எண்ணிக்கைகளையே தொகுக்கிறது. ஒரு மாணவியின் இரண்டாண்டு அனுபவம் இவ்விரண்டிலும் பதிவாவதில்லை.

3. நன்னூல் காட்டும் அளவுகோல்

வினாவும் விடையும் வழுவின்றி அமைதல் வேண்டும் என்பது தொல்காப்பியக் கிளவியாக்கம் முதற்கொண்டு நம் இலக்கணத்தின் அக்கறை. நன்னூல் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என அறுவகைப்படுத்துகிறது. கருத்தறிதல், இயல்பில் அறியாவினாவாக இருத்தல் வேண்டும். கேட்பவர் தமக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ளவே கேட்க வேண்டும். ஆனால் பாடத்திட்டம் எவ்வளவு முடிந்தது என்பது துறையின் பணிப்பதிவேட்டிலேயே உள்ளது. எனவே துறை அதனைக் கேட்கும்போது அது அறிவினாவாகிறது. தேர்வில் கேட்கப்படும் வினாவைப்போல், கேட்பவர் எதிர்பார்க்கும் விடையைத் தரவே மாணவர் முற்படுவார். 'ஆசிரியர்கள் நன்கு ஆயத்தமாக வந்தனரா?' என்பதை அந்த ஆசிரியரே வகுப்பில் படிவமாகக் கொடுத்தால், அது மாணவர் செவியில் ஏவல்வினாவாக ஒலிக்கும்.

விடை வகைகள் இன்னும் தெளிவு தருகின்றன. நன்னூல் கூறும் எட்டு விடைகளுள் சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வினாவுக்கு நேரடியாக விடையளிப்பவை. ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் குறிப்பால் விடையைத் தருபவை. 'விளையாடவில்லையா?' என்றவர்க்குக் 'கால் வலிக்கிறது' என்பது உற்றது உரைத்தல். 'கால் வலிக்கும்' என்பது உறுவது கூறல். மறுப்பைச் சொல்லாமலே மறுப்பும், அதன் காரணமும் இவற்றில் ஒருங்கே வெளிப்படுகின்றன.

ஐந்து நிலை அளவுகோல் நேர், மறை என்னும் விடைகளையும் அவற்றின் படிநிலைகளையும் மட்டுமே ஏற்கும். பெரியவர் முன் மறுத்துரைக்கத் தயங்கும் மாணவர், அந்த அளவுகோலில் நேர்விடையின் பக்கமே சாய்வார். அவர் உண்மையைச் சொல்லக்கூடிய வழி உற்றது உரைத்தலே. 'நூலக வசதி போதுமானதாக இருந்ததா?' என்று கேட்டால் 'ஆம்' எனக் குறிப்பிடும் மாணவியே, 'நூலகத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுதியாக எப்போது அமர்ந்தீர்கள்?' என்று கேட்டால் 'வகுப்பு முடிந்ததும் பேருந்துக்குப் போக வேண்டும்' எனக் கூறக்கூடும். இவ்விடையில் நூலகத்தின் மீது குறை ஏதும் சொல்லப்படவில்லை. ஆனால் நூல்கள் இருந்தும் அவை எட்டாத நேரத்தில் திறந்திருக்கின்றன என்பதைத் துறை அறிந்துகொள்கிறது. நூல் வாங்குவது இதற்குத் தீர்வன்று; நண்பகல் இடைவேளையில் நூல் வழங்குவது தீர்வாகலாம். நேர்விடை மறைத்துவிடும் இவ்வேறுபாட்டை உற்றது உரைத்தல் வெளிக்கொணர்கிறது.

4. முதுகலைத் தமிழ் மாணவரின் தொழில்வழிகள்

உறுவது கூறலைப் பெற வேண்டுமெனில், வினா அமைப்பவர் மாணவர் முன்னுள்ள வழிகளைத் துல்லியமாக அறிந்திருத்தல் வேண்டும். 'தொழிலுக்கு ஆயத்தமாக உள்ளீரா?' என்னும் பொதுவினாவால் பயனில்லை. ஒவ்வொரு வழியின் தடையும் வேறு.

மேல்நிலைப்பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்கு முதுகலைப் பட்டத்துடன் கல்வியியல் பட்டமும் வேண்டும். 2015 முதல் அது இரண்டாண்டுப் படிப்பு. எனவே எம்.ஏ. முடித்தவர் ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வை எட்டுவதற்குள் மேலும் இரண்டாண்டுச் செலவைக் குடும்பம் தாங்க வேண்டியுள்ளது.

கல்லூரிப் பணிக்கும் ஆய்வுக்கும் தேசியத் தகுதித் தேர்வு (நெட்) வாயில். அதன் மொத்த மதிப்பெண் 300. அவற்றுள் 100 மதிப்பெண் பொதுவான முதல் தாளுக்குரியது. அத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அமைகிறது. சங்க இலக்கியத்தில் தேர்ந்த தமிழ்வழி மாணவர் தடுக்கி நிற்பது தமிழ்த் தாளிலா, முதல் தாளிலா என்பதைத் துறை அறியாவிடில், இரண்டாண்டுக்காலப் பயிற்சி தவறான இடத்தில் செலவாகும். 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட நெறிமுறைகள் ஆய்வியல் நிறைஞர் படிப்பை நிறுத்தியபின், முதுகலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் இடையிலிருந்த ஓராண்டுப் பயிற்சிக்களம் இல்லாமற்போனது. ஆய்வெழுத்துப் பயிற்சியின் சுமை இன்று முதுகலை வகுப்பின் மீதே விழுகிறது.

அரசுப்பணித் தேர்வுகளில் தமிழ்த்தாளைக் கட்டாயமாக்கி, 40 விழுக்காட்டைக் குறைந்தபட்சத் தகுதியாக வகுத்த அரசாணை 2021 டிசம்பரில் வெளிவந்தது. தமிழ்வழியில் பயின்றோர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டம், 2020ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், பள்ளிக்கல்வி முதல் உரிய தகுதி வரை தமிழ்வழியில் பயின்றிருப்பதை வேண்டுகிறது. அதற்கான சான்றிதழை ஒவ்வொரு நிலையிலும் பயின்ற நிறுவனத்திடம் பெற வேண்டும். பட்டம் பெறும் நாளில் இதனை நினைவூட்டும் ஒரு வினா, பின்னர்ப் பல அலைச்சல்களைத் தவிர்க்கும்.

5. முன்மொழியப்படும் வினாநிரல்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் பன்னிரண்டு வினாக்கள் இங்கு முன்வைக்கப்படுகின்றன. முதல் ஆறும் உற்றதையும், பின் ஆறும் உறுவதையும் நோக்கியவை.

(1) கடந்த பருவத்தில் வகுப்புக்கு வர இயலாத நாள்களில் அடிக்கடி நேர்ந்த காரணம் யாது?
(2) நூலகத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுதியாக எப்போது அமர்ந்தீர்கள்? எதற்காக?
(3) உங்கள் எழுத்தை ஆசிரியர் திருத்தித் திருப்பித் தந்த நிகழ்வு ஒன்றைக் கூறுக. அதன்பின் மீண்டும் எழுதினீர்களா?
(4) முதலில் விளங்காது, பின்னர் விளங்கிய பாடப்பகுதி எது? விளங்கியது எதனால்?
(5) ஆய்வேட்டின் தலைப்பு எவ்வாறு முடிவாயிற்று?
(6) படிப்புக் காலத்தில் ஊதியத்திற்கோ வீட்டிற்கோ செய்த வேலை என்ன? வாரத்தில் எத்தனை மணி நேரம்?
(7) அடுத்த ஓராண்டில் எழுதவிருக்கும் தேர்வு எது? அதன் பாடத்திட்டத்தைப் படித்ததுண்டா?
(8) அத்தேர்வின் பழைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதியதுண்டா? எப்பகுதியில் தடைப்பட்டீர்கள்?
(9) தமிழ்வழிக் கல்விச் சான்றிதழை எந்நிலை வரை பெற்றுள்ளீர்கள்?
(10) ஒருங்குறியில் ஒரு பக்கம் தட்டச்சிட்டு மெய்ப்புப் பார்க்க எவ்வளவு நேரமாகும்?
(11) அடுத்து என்ன செய்வது என்பதை வீட்டில் யாருடன் பேசினீர்கள்? அவர் விருப்பம் என்ன?
(12) வரும் ஓராண்டில் துறையிடமிருந்து வேண்டும் ஓர் உதவி எது?

எந்த வினாவும் ஆசிரியரையோ நிறுவனத்தையோ மதிப்பிடுமாறு கேட்கவில்லை என்பதைக் கருதுக. மதிப்பீடு, விடைகளைத் தொகுக்கும் துறையின் பொறுப்பு. பதினொன்றாம் வினா தனிவாழ்வைத் தொடுவதால், அதற்கு விடையளிப்பது மாணவர் விருப்பத்திற்குரியது எனப் படிவத்திலேயே குறித்தல் வேண்டும்.

6. கையாளும் நெறி

முதலாவது, காலம். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணும் வாய்மொழித் தேர்வும் நிலுவையில் இருக்கும்போது பெறும் விடை நன்றியறிதலாகவோ அச்சமாகவோ அமையும். வாய்மொழித் தேர்வு முடிந்து, மதிப்பெண்கள் அனுப்பப்பட்ட பின்னரே வினாநிரலைத் தருதல் வேண்டும்.

இரண்டாவது, மறைகாப்பு. இருபது பேர் கொண்ட வகுப்பில் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. ஊர், கையெழுத்து, பேருந்து நேரம் ஆகியவற்றில் ஒன்றே ஆளைக் காட்டிவிடும். எனவே வேறு துறையினர் படிவங்களைத் தொகுத்தல், மூன்றாண்டு விடைகளைச் சேர்த்து வெளியிடுதல், சிறு எண்ணிக்கைகளை விழுக்காடாக மாற்றாதிருத்தல் ஆகியவை இன்றியமையாதவை. தொடர்பு விவரங்கள் தனிப் பட்டியலில் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, மீண்டும் கேட்டல். ஆஸ்திரேலியாவில் படிப்பு முடிந்து ஏறத்தாழ நான்கு மாதங்களிலும், பிரிட்டனில் 15 மாதங்களிலும் பட்டதாரிகளின் நிலை கேட்டறியப்படுகிறது. பிரிட்டனில் முன்பிருந்த ஆறு மாத இடைவெளி போதாதெனக் கண்டே 15 மாதமாக நீட்டினர். நம் முதுகலைத் தமிழ் மாணவருக்கு அதுவும் போதாது. கல்வியியல் பட்டத்தில் சேர்ந்தவர் 15ஆம் மாதத்தில் இன்னும் மாணவரே. ஆகவே ஓராண்டு முடிவில் ஒருமுறையும், மூன்றாண்டு முடிவில் ஒருமுறையும் கேட்பது பொருத்தமாகும். திருமணத்தால் ஊரும் கைப்பேசி எண்ணும் மாறும் மாணவியரே முதலில் பட்டியலிலிருந்து நழுவுவர். அவர்களை விட்டுவிட்டுத் தொகுத்த முடிவு, வேலை பெற்றோரை மட்டும் எண்ணிய முடிவாகிவிடும். மாணவியே தம் விருப்பப்படி தரும் மாறாத தொடர்பு ஒன்று இதற்குத் துணைசெய்யும்.

நான்காவது, மறுமொழி. எவ்விடையால் எது மாற்றப்பட்டது, எது மாற்ற இயலவில்லை என்பதைத் துறை ஒரு பக்க அறிக்கையாக அடுத்த அணி மாணவர்க்குப் படித்துக்காட்டுதல் நன்று. முன்னவர் சொன்னது கேட்கப்பட்டது எனக் கண்டவரே பின்னர் உண்மை சொல்வார்.

7. முடிவுரை

மனநிறைவு ஆய்வு நிறுவனத்தைப் பற்றியது. நிறைவுநிலைக் கருத்தறிதல் மாணவரைப் பற்றியதாக அமைதல் வேண்டும். மாணவர் நேர்விடை தரத் தயங்கும் சூழலில், உற்றது உரைத்தலும் உறுவது கூறலும் உண்மையை வெளிக்கொணரும் விடைவகைகள் என்பது நன்னூல்வழிப் பெறப்படுகிறது. முதுகலைத் தமிழின் தொழில்வழிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு தடைகளை உடையன. எனவே வினாவும் அவ்வவ் வழிக்கேற்பத் துல்லியமாதல் வேண்டும். கேட்கும் காலம், மறைகாப்பு, மீண்டும் கேட்டல், மறுமொழி ஆகிய நான்கும் இன்றேல் வினாநிரல் வெறும் சடங்காகும். இவ்வினாநிரலை ஆத்தூர், நிலக்கோட்டை, பழனி வட்டார மாணவர் பயிலும் தமிழ்த்துறைகள் ஒருங்கிணைந்து மூன்றாண்டுக் காலம் களத்தில் சோதித்தறிவது அடுத்த ஆய்வுக்குரிய பணியாகும்.