தலைக்கணக்கும் எடைக்கணக்கும்

இருக்கை பெருகப் பெருக ஓட்டுநர் உரிமமும் மாறும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். பிரிட்டனில் பொதுவாக அதுவே முறை: பயணிகள் இருக்கை எட்டைத் தாண்டினால் வேறு உரிமம்; பதினாறைத் தாண்டினால் இன்னொன்று.

நம் நாட்டின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் தலைகளை எண்ணுகிறது. ஆனால் வண்டிக்குப் பெயரிடுவதற்காக! ஓட்டுநர் நீங்கலாக 6 பேர் வரை ஏற்றும் வாடகை வண்டி 'மோட்டார் கேப்'. அதற்கு மேல் 12 வரை 'மேக்சி கேப்'. உரிமத்துக்கோ எடையே அளவுகோல். பயணிகளையும் சேர்த்து 7,500 கிலோவுக்கு மேற்படாத வேன், இலகு ரகம்.

இலகு ரக உரிமத்துடன் வாடகை வேனை ஓட்டலாமா? விபத்து நேர்ந்தபோது, 'உரிமம் செல்லாது' என்று காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பீடு தர மறுத்தன. தனி அனுமதி தேவையில்லை என 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 நவம்பரில் ஐவர் அமர்வும் அதையே உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இது சிறிய செய்தியன்று.

எடை அதைத் தாண்டிய பேருந்துக்கு விதிகள் கடுமை. ஓட்டுநருக்கு 20 வயது நிறைந்திருக்க வேண்டும். பழகுநர் உரிமம் கேட்குமுன் ஓராண்டேனும் இலகு ரக உரிமம் வைத்திருக்க வேண்டும். மாணவரை மட்டுமே ஏற்றும் கல்லூரிப் பேருந்தும் சட்டப்படி போக்குவரத்து வாகனமே. வண்டியின் எடை பதிவுச் சான்றில் குறிக்கப்பட்டிருக்கும். சுற்றுலாவுக்கு வேன் பேசும் நண்பர்கள் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.