மலையேறிப் போன கண் வைத்தியம்



"போற வயசுல எனக்கு எதுக்குப்பா கண்ணு?"

நம்ம லயங்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். கண் மங்கிப்போன பாட்டி இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பார். அவரைக் கக்கூசுக்குக் கூட்டிப்போக, தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும். அம்மா கொழுந்துக்குப் போயாக வேண்டும். அப்பாவும் மலைக்குப் போய்விடுவார். கடைசியில் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நிற்பது பேத்திதான். ஒருவருடைய கண் போனால் இரண்டு பேருடைய வாழ்க்கை நின்றுபோகிறது.

இதே கதை நேபாள நாட்டு மலைகளிலும் வீட்டுக்கு வீடு இருந்தது. அங்கே வைத்தியர்களும் தொண்டர்களும் மலையேறிப் போய் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்த முறை நமது பாடம். படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

1. கண்புரை என்றால் என்ன?

நம் கண்ணின் கறுப்புமணிக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு சிறிய வில்லை இருக்கிறது. வெளிச்சம் அதற்குள் புகுந்து போனால்தான் பார்வை. வயது ஏற ஏற அந்த வில்லை மெல்ல மங்கி, பனி மூடிய ஜன்னல் மாதிரி ஆகிவிடும். அதுதான் கண்புரை. சீனி வியாதி உள்ளவர்களுக்கும் கண்ணில் அடிபட்டவர்களுக்கும் முன்னதாகவே வரலாம். சொட்டு மருந்தாலோ பச்சிலைச் சாற்றாலோ இது கரையாது. மங்கிய வில்லையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செயற்கை வில்லை வைப்பதுதான் வைத்தியம்.

நம்ம ஆட்கள் எல்லாவற்றையும் "கண்ணுல பூ விழுந்திருச்சு" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார்கள். ஆனால் எல்லாப் பூவும் ஒன்றல்ல. கண்ணின் வெளிப்பக்கத்தில் புண் வந்து ஆறிய தழும்பும் வெள்ளையாகத்தான் தெரியும். அதற்கு வைத்தியம் வேறு. எது எது என்பதைக் கண் வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

2. மலையில் பிறந்த வைத்தியர்

நேபாளத்தின் வடகிழக்கு மூலையில், திபெத் எல்லைக்குப் பக்கத்தில் ஓலங்சுங்கோலா என்று ஒரு மலைக்கிராமம். 1954-ஆம் ஆண்டு அங்கே பிறந்தவர் சந்துக் ரூயித். ஊரில் பள்ளிக்கூடம் இல்லை. சிறுவயதிலேயே தகப்பனாரோடு பல நாள் நடந்து, தேயிலைக்குப் பேர்போன டார்ஜிலிங்கில் போய்ப் படித்தார். அவருடைய தங்கை காசநோயில் இறந்துபோனாள். வைத்தியம் கிடைக்காமல் உயிர் போவதை வீட்டிலேயே பார்த்த பிள்ளை, வைத்தியராக வேண்டும் என்று உறுதி எடுத்தார். பிறகு கண் வைத்தியரானார்.

1985-இல் ஆஸ்திரேலியக் கண் வைத்தியர் பிரெட் ஹாலோஸ் நேபாளம் வந்தபோது இருவரும் சந்தித்தார்கள். அந்தக் காலத்தில் ஏழை நாட்டு முகாம்களில் மங்கிய வில்லையை எடுத்துவிட்டு, சோடாப்புட்டிக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். மலையில் அந்தக் கண்ணாடி விழுந்து உடைந்தால் அந்த மனுசருக்கு மறுபடியும் இருட்டுத்தான். புதுக் கண்ணாடிக்கு எங்கே போவது? கண்ணுக்குள்ளேயே வில்லை வைக்கும் முறை பணக்கார நாடுகளில் இருந்தது. ஏழைக்கும் அதே வைத்தியம்தான் கிடைக்க வேண்டும் என்று இவர்கள் நின்றார்கள்.

ஹாலோஸ் 1993-இல் காலமானார். 1994-இல் காத்மாண்டுவில் தில்கங்கா கண் நிலையம் தொடங்கியது. வெளிநாட்டில் நூறு டாலருக்கு மேல் விற்ற வில்லையை அங்கேயே சில டாலர் செலவில் செய்யத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே, 1992-இல் மதுரையில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஆரோலேப் விலை குறைந்த வில்லைகளைச் செய்ய ஆரம்பித்திருந்தது. சந்துக் ரூயித்துக்கு 2006-இல் மகசேசே விருது கிடைத்தது.

3. முகாமில் தொண்டர் என்ன செய்கிறார்?

ஆபரேசன் செய்வது வைத்தியர். அதற்குச் சில நிமிடங்கள்தான் பிடிக்கும். மற்ற வேலைகளில் பலவும் தொண்டர் கையில்.

முகாமுக்கு முன்பு: ஊர் ஊராய் நடந்து சொல்வது, பார்வை மங்கியவர்களைத் தேடிப் பேர் எழுதுவது, பயந்தவர்களோடு உட்கார்ந்து பேசுவது. நடக்க முடியாத முதியவர்களை மகன்மார் 'டோக்கோ' என்னும் மூங்கில் கூடையில் வைத்து, பட்டையை நெற்றியில் மாட்டித் தூக்கி வருவார்கள். நம்ம அம்மாமார் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டுகிற மாதிரியேதான். அங்கே கூடைக்குள் இருப்பது பெற்ற தாய்.

முகாம் அன்று: வரிசை ஒழுங்கு பார்ப்பது, முகம் கழுவ உதவுவது, எந்தக் கண் என்ற அடையாளம் மாறாமல் கவனிப்பது, கைப்பிடித்து மேசை வரைக்கும் கூட்டிப் போவது, நோயாளியின் பேச்சை வைத்தியருக்கும் வைத்தியரின் பேச்சை நோயாளிக்கும் எடுத்துச் சொல்வது.

மறுநாள் காலை கட்டுப் பிரிப்பார்கள். வைத்தியர் விரலைக் காட்டி "எத்தனை?" என்று கேட்பார். பல வருசம் பேரப்பிள்ளையின் முகம் பாராதவர் அப்போது பார்ப்பார். அந்த இடத்தில் கண் கலங்காத தொண்டர் இல்லை.

ஆனால் தொண்டனுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தெரியாத வேலையில் கை வைக்கக்கூடாது. ஊசி போடுவதும் மருந்து கொடுப்பதும் படித்தவர்கள் வேலை. "ஏழைதானே, பரவாயில்லை" என்று நினைப்பவன் தொண்டனே அல்ல.

4. முகாம் போன பிறகு

வந்தவர்கள் போய்விடுவார்கள். மலையில் இருப்பவர்கள் இருப்பார்கள். ஒரு முகாம் நல்லதா கெட்டதா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். கண்ணில் சொட்டு மருந்து சொன்ன நாள் வரை விட வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது. அழுக்குத் தண்ணீர் படக் கூடாது. வைத்தியர் சொல்லும் வரை பாரம் தூக்கக் கூடாது. வலி, சிவப்பு, பார்வை குறைதல் என்று எது வந்தாலும் நாளைக்குப் பார்ப்போம் என்று இராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதையெல்லாம் யார் பார்ப்பது? ஊரிலேயே இருக்கும் தொண்டர்தான்.

நேபாளம் இதைப் புரிந்துகொண்டது. 1988-இலிருந்து கிராமத்துப் பெண்களையே சுகாதாரத் தொண்டர்களாகப் பழக்கினார்கள். இன்று சுமார் 50,000 பேர் இருக்கிறார்கள். பிள்ளைகளின் கண்ணையும் உயிரையும் காக்கும் வைட்டமின் ஏ மருந்தை வருசத்துக்கு இரண்டு முறை கொடுப்பது இவர்கள்தான். 1981-இல் எடுத்த கணக்கில் அந்த நாட்டில் ஆயிரத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பார்வையற்றவர்கள். சுமார் முப்பது வருசத்தில் அது பாதிக்கும் கீழே வந்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் மட்டும் இதைச் செய்திருக்க முடியாது.

5. நமக்கு என்ன பாடம்?

நமக்கு இமயமலை ஏற வேண்டிய அவசியம் இல்லை. மேட்டு லயத்துக்கு ஏறினால் போதும்.

இளைஞர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு இரண்டு பேராக லயங்களுக்குப் போங்கள். பெரியவர்களிடம், "பாட்டி, என் கையில எத்தனை விரல் தெரியுது?" என்று ஆறடி தள்ளி நின்று கேளுங்கள். ஒரு கண்ணைப் பொத்தி மற்றக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். சொல்ல முடியாதவர்களின் பேரை எழுதித் தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக் கண் கிளினிக் எந்த நாள் என்று விசாரித்து, ஒருவரைத் துணைக்கு அனுப்புங்கள். கிளினிக்கில் தமிழ் பேசுவார் இல்லையென்றால் சிங்களம் தெரிந்த பிள்ளை ஒன்று கூடப் போகட்டும்.

"போற வயசு" என்று சொல்கிற பாட்டியிடம் சண்டை போட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டி, ஒங்களுக்காக இல்லாட்டியும் பேத்திக்காக வாங்க. அவ பள்ளிக்கூடம் போகணும்ல" என்று சொல்லிப் பாருங்கள். எழுந்து வருவார்.

யோசித்துப் பேச:

1. நம்ம லயத்தில் பார்வை மங்கியவர் யார் யார்? அவர்களைக் கவனிப்பதற்காகப் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை உண்டா?
2. தொண்டர் செய்யக்கூடாத வேலைகள் எவை? ஏன்?
3. ஆபரேசன் முடிந்து வீட்டுக்கு வந்தவரை முதல் மாதம் யார் பார்ப்பது என்று இன்றைக்கே பேசி முடிவெடுங்கள்.