அத்தாவின் கபரும் அத்தாவின் கடனும்



மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் வாழும் நம்மில் பலர், ஜுமுஆவுக்குப் பிறகும் பெருநாள் காலையிலும் கப்ருஸ்தானுக்குப் போய் வருகிறோம். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்கேதான் தாதாவை அடக்கியிருக்கோம்" என்று காட்டுகிறோம். இது நல்ல வழக்கம். நபி (ஸல்) அவர்கள் தம் தாயாரின் கபருக்குச் சென்று அழுதார்கள், உடனிருந்தவர்களும் அழுதார்கள். கபர் ஜியாரத் மறுமையை நினைவூட்டும் என்று நமக்கும் சொன்னார்கள்.

அங்கே நாம் பேண வேண்டிய ஒழுங்குகள் எளிமையானவை. கபர்வாசிகளுக்கு ஸலாம் சொல்ல வேண்டும். அத்தாவின் பாவமன்னிப்புக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்க வேண்டும். கபர்களை மிதிக்கவோ அவற்றின் மேல் உட்காரவோ கூடாது. ஒப்பாரி வைக்கக் கூடாது. கண்ணீர் வந்தால் தடையில்லை.

சென்னையில் அடக்க இடம் குறைவு. ஆண்டுகள் பல கழிந்தபின், அதே இடத்தில் வேறொரு ஜனாஸாவை அடக்குவதுண்டு. உடல் மண்ணோடு மண்ணாகிவிட்டபின் அதற்கு மார்க்கத்தில் அனுமதி இருக்கிறது. "அத்தா கபர் எதுன்னே தெரியலையே" என்று கலங்கும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அவர்கள் கவலைப்பட வேண்டாம். கபரின் அடையாளம் மறைந்தாலும் எங்கிருந்து கேட்கும் துஆவையும் அல்லாஹ் கேட்கிறான். ஆனால் அடையாளம் மறைவதால் அத்தாவுக்கு நாம் செய்ய வேண்டிய கடமைகள் மறைந்துவிடுவதில்லை. அவை மூன்று.

1. கடனை அடைப்பது

உஹுத் போரில் ஷஹீதான அப்துல்லாஹ் (ரலி), கடனையும் பெண்மக்களையும் விட்டுச் சென்றார். மகன் ஜாபிர் (ரலி) பேரீச்சந் தோட்டத்தின் விளைச்சலைக் கொடுக்க முன்வந்தும் கடன் கொடுத்தவர்கள் ஏற்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் தோட்டத்துக்கு வந்து பரக்கத்துக்காக துஆ செய்தார்கள். பழங்களைப் பறித்துக் கடன் முழுவதையும் அடைத்த பிறகும் மீதம் இருந்தது. தந்தை ஷஹீத் என்பதால் கடன் தானாக நீங்கிவிட்டது என்று அந்த மகன் இருந்துவிடவில்லை.

கைமாற்று, கடைப் பாக்கி, சீட்டுப் பணம் ஆகியவற்றோடு நாம் மறந்துவிடும் கடன் ஒன்று உண்டு. அம்மாவுக்கு அத்தா கொடுக்காமல் விட்ட மஹர்தான் அது. அம்மா மனமுவந்து விட்டுக்கொடுக்காத வரை, சொத்தைப் பிரிக்கும் முன் அதைக் கொடுத்தாக வேண்டும்.

2. பங்கைக் கொடுப்பது

அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒன்றுக்கு மிகாத வஸிய்யத் ஆகியவை போக மீதமுள்ளதே வாரிசுச் சொத்து. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒன்று. "கல்யாணத்துக்குத்தான் அவ்வளவு நகை போட்டோமே" என்று சொல்லி அக்கா, தங்கையின் பங்கை நிறுத்தி வைக்க நமக்கு உரிமையில்லை. ஆண்டுதோறும் அத்தா பெயரில் பிரியாணி ஆக்கிப் போடுகிறோம். அத்தாவின் மகளோ வாடகை வீட்டில் இருக்கிறாள். இது அத்தாவுக்குச் செய்யும் நன்மைதானா என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்வோம்.

3. நன்மையைத் தொடர்வது

மனிதன் இறந்தபின் மூன்று வழிகளில் மட்டுமே நன்மை தொடர்கிறது: நிலையான தர்மம், பயன் தரும் கல்வி, துஆ செய்யும் ஸாலிஹான பிள்ளை. நம் ஊரிலேயே இதற்குச் சான்று உண்டு. மேல்விஷாரத்தைச் சேர்ந்த நவாப் சி. அப்துல் ஹக்கீம், சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே பயணிகளுக்காகக் கட்டிய தங்குமிடம் சித்தீக் சராய். சித்தீக் ஹுசைன் என்பது அவருடைய தந்தையின் பெயர். பின்னர் அந்த மகனின் பெயரில் மேல்விஷாரத்தில் 1965-இல் கல்லூரி எழுந்தது. தேனாம்பேட்டையில் நீதிபதி பஷீர் அஹ்மத் சயீத் 1955-இல் தொடங்கிய எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரியில் படித்த தாய்மார்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள்.

கல்லூரி கட்டும் வசதி நமக்கு இல்லாமல் இருக்கலாம். ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணம், ஒரு நோயாளியின் மருந்துச் செலவு என நம்மால் இயன்றதைச் செய்யலாம். அத்தாவின் பழைய நண்பரைப் போய்ப் பார்த்து வருவதும் நன்மையே. இப்னு உமர் (ரலி) தம் தந்தையின் நண்பர் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கிராமத்து மனிதரை வழியில் கண்டு, தம் வாகனத்தையும் தலைப்பாகையையும் கொடுத்தார்கள்.

அடுத்த ஜியாரத்துக்குப் போகுமுன் வீட்டார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, அத்தாவின் கடன், அம்மாவின் மஹர், சகோதரிகளின் பங்கு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுவோம். ஐயம் இருந்தால் பள்ளிவாசல் இமாமிடம் கேட்போம். அந்தத் தாளில் உள்ளதை ஒவ்வொன்றாக நிறைவேற்றிவிட்டுக் கபர் முன் நிற்போம்.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோரை மன்னிப்பாயாக. அவர்கள் விட்டுச் சென்ற பொறுப்புகளை நிறைவேற்ற எங்களுக்குத் தவ்ஃபீக் செய்வாயாக. ஆமீன்.