வாகனம் குறைந்த அதிவேக நெடுஞ்சாலை: செலவைச் சுமப்பது யார்?

க.பொ.த. (சாதாரண தரம்) – குடியியற் கல்வி



"பொதுப் பணத்தில் அமைக்கப்படும் பெரிய திட்டங்கள் நாட்டுக்கு நன்மையா, சுமையா?" என்பது போன்ற வினாவுக்கு விடை எழுதும்போது, பலர் ஒரு பக்கத்தை மட்டும் எழுதிப் புள்ளிகளை இழக்கின்றனர். கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் அதிவேக நெடுஞ்சாலைகளை உதாரணமாகக் கொண்டு, இத்தகைய வினாவை எவ்வாறு ஆராய்வது என இப்பாடத்தில் பார்ப்போம்.

1. அறிந்திருக்க வேண்டிய விபரங்கள்

குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே உட்செல்லவும் வெளியேறவும் கூடியதாக, வேகப் போக்குவரத்துக்கென அமைக்கப்படும் வீதி அதிவேக நெடுஞ்சாலை எனப்படும். இலங்கையில் இதனைப் பயன்படுத்துவோரிடம் கட்டணம் அறவிடப்படுகின்றது. மோட்டார் சைக்கிள்களுக்கும் முச்சக்கர வண்டிகளுக்கும் அனுமதி இல்லை.

• 2011 நவம்பர் – கொட்டாவை முதல் காலி வரை (தெற்கு அதிவேக நெடுஞ்சாலை)
• 2013 ஒக்டோபர் – கொழும்பு முதல் கட்டுநாயக்க வரை
• 2014 மார்ச் – காலி முதல் மாத்தறை வரை
• 2020 பெப்ரவரி – மாத்தறை முதல் அம்பாந்தோட்டை வரை, சுமார் 96 கி.மீ.
• 2022 ஜனவரி – மீரிகம முதல் குருநாகல் வரை, சுமார் 40 கி.மீ. (மத்திய அதிவேக நெடுஞ்சாலை)

2. விவாதம் தோன்றிய விதம்

கொட்டாவை – காலிப் பகுதி பெருமளவு பயன்படுத்தப்படுகின்றது. ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணத்தை அது ஒரு மணி நேரமளவுக்குக் குறைத்தது. ஆனால் மாத்தறைக்கு அப்பால் வாகனங்கள் குறைவு. அம்பாந்தோட்டைத் துறைமுகமும் 2013இல் திறக்கப்பட்ட மத்தள விமான நிலையமும் வளர்ச்சியடையும், அதனால் வாகனங்கள் பெருகும் என்ற எதிர்பார்ப்புடனேயே வீதி அங்கு நீடிக்கப்பட்டது. மத்தளவுக்கு வந்த விமானங்களோ மிகச் சில. துறைமுகம் 2017இல் சீன நிறுவனமொன்றுக்கு 99 வருடக் குத்தகைக்கு வழங்கப்பட்டது. வீதி வந்தது, எதிர்பார்த்த போக்குவரத்து வரவில்லை.

மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் பிரச்சினை வேறு வகையானது. மீரிகம – குருநாகல் பகுதி திறக்கப்பட்டபோது, அதனைக் கொழும்புப் பக்கத்துடன் இணைக்கும் கடவத்தை – மீரிகம பகுதி முடிவடைந்திருக்கவில்லை. இது அரைக் கிணறு தாண்டிய கதை போன்றது. வீதியின் பாதியை அமைத்தால் பயனில் பாதி கிடைத்துவிடும் என்று எண்ணக்கூடாது. இணைப்பு இல்லாவிடில் பாதியிலும் குறைவாகவே கிடைக்கும். 2022 பொருளாதார நெருக்கடியில் தடைப்பட்ட இப்பகுதியின் வேலைகள் 2025 செப்டெம்பரில் மீண்டும் ஆரம்பிக்கப்பட்டன.

நாம் திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகவே செல்கின்றோம். ஆகவே இவ்விவாதம் நமக்குத் தொடர்பற்ற ஒன்றன்று.

3. கட்டணமும் கடனும்

பின்வரும் எண்கள் விளக்கத்திற்காக மட்டும் தரப்படுகின்றன. ஒரு வீதியின் கடன் தவணைக்கும் பராமரிப்புக்கும் மாதம் 100 மில்லியன் ரூபா தேவை எனவும், ஒரு வாகனத்திடம் 500 ரூபா அறவிடப்படுகின்றது எனவும் கொள்வோம்.

தேவையான வாகனங்கள் = 200,000
வந்த வாகனங்கள் = 80,000
கிடைத்த வருமானம் = 40 மில்லியன் ரூபா
பற்றாக்குறை = 60 மில்லியன் ரூபா

வாகனம் வந்தாலும் வராவிட்டாலும் கடன் தவணை குறையாது. கட்டணத்தை உயர்த்தினால் பழைய வீதிக்குத் திரும்பும் வாகனங்கள் அதிகரிக்கும். எனவே பற்றாக்குறையை அரசாங்கத்தின் பொது வருமானமே, அதாவது வரிப்பணமே, ஈடுசெய்ய வேண்டும்.

மூதூரில் சவர்க்காரக் கட்டியொன்றை வாங்குபவரும் பெறுமதி சேர் வரி செலுத்துகின்றார். 2024 ஜனவரியில் இவ்வரி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அது வீதிக் கடனுக்காக மட்டும் உயர்த்தப்பட்டதன்று. எனினும் அரசின் எல்லாக் கடன்களையும் தாங்குவது வரிகளே. ஆகவே அதிவேக நெடுஞ்சாலையைக் கண்ணாலும் காணாதவர் கூட அதன் செலவில் பங்கு கொள்கின்றார்.

இன்னொரு விடயத்தையும் கவனியுங்கள். கட்டணம் ரூபாவில் கிடைக்கின்றது. வெளிநாட்டுக் கடனை வெளிநாட்டு நாணயத்தில் செலுத்த வேண்டும். கொட்டாவை – காலிப் பகுதிக்கு ஆசிய அபிவிருத்தி வங்கியும் ஜப்பானும், மாத்தறை – அம்பாந்தோட்டைப் பகுதிக்குச் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியும் கடன் வழங்கின. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவாகியது. அதாவது 100 டொலர் கடனின் சுமை 20,000 ரூபாவிலிருந்து 36,000 ரூபாவாகியது. 2022 ஏப்ரல் 12இல் இலங்கை தனது வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்துவதாக அறிவித்தது.

4. இரு பக்க வாதங்கள்

ஆதரவாக:
• பயண நேரமும் எரிபொருளும் மீதமாகின்றன.
• பழைய வீதிகளில் நெரிசல் குறைகின்றது.
• சுற்றுலாவும் சந்தை வாய்ப்பும் வளர்கின்றன.
• வீதியின் ஆயுட்காலம் நீண்டது. இன்று குறைவாக உள்ள வாகனங்கள் நாளை பெருகலாம்.

எதிராக:
• நேரடிப் பயன் சிலருக்கு, செலவு எல்லோருக்கும்.
• போக்குவரத்து மதிப்பீடு பிழைத்தால் கடன் மட்டுமே மிஞ்சும்.
• அதே பணத்தில் செய்திருக்கக்கூடிய வேறு வேலைகள் கைவிடப்படுகின்றன. ஒன்றைத் தெரிவு செய்வதற்காக நாம் கைவிடும் அடுத்த சிறந்த தெரிவே சந்தர்ப்பச் செலவு எனப்படும்.

5. நமது மாவட்டத்திலிருந்து பார்த்தால்

நமது பக்கத்தில் "பாதை" என்றால் முதியவர்களின் நினைவுக்கு வருவது வாகனங்களை ஏற்றி நீரைக் கடக்கும் மிதப்புப் பாதையே. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதும் அங்கு அக்காத்திருப்பு முடிந்தது. அப்பாலத்தில் கட்டணம் அறவிடப்படுவதில்லை. ஆயினும் மாணவர், நோயாளர், மீனவர், வியாபாரி என எல்லோரும் பயன்பெறுகின்றனர். கட்டண வருமானம் மட்டும் ஒரு திட்டத்தின் பயனை அளக்கும் கோல் அன்று என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அதே கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில் புதிய பாலத்தின் வேலை முடிவடையாத நிலையில், 2021 நவம்பர் 23ஆம் திகதி மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைச் சிறுவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். இரண்டு மாதங்களுக்குள், 2022 ஜனவரியில், மீரிகம – குருநாகல் பகுதி திறந்துவைக்கப்பட்டது. அந்த நெடுஞ்சாலையால்தான் இந்தப் பாலம் தாமதித்தது என்று எழுத நம்மிடம் ஆதாரம் இல்லை; அவ்வாறு எழுத வேண்டாம். ஆனால் "எது முதலில் தேவை என்பதை எவ்வாறு தீர்மானிப்பது?" என்று கேட்பதற்கு நமக்கு முழு உரிமை உண்டு. ஒரு குடிமகன் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

6. முடிவுரையை எழுதும் முறை

"நெடுஞ்சாலை வேண்டாம்" என்றோ "வேண்டும்" என்றோ மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். பின்வரும் மாதிரியைக் கவனியுங்கள்:

"அதிவேக நெடுஞ்சாலைகள் நாட்டின் வளர்ச்சிக்கு உதவக்கூடியவை. எனினும் போக்குவரத்தை நேர்மையாக மதிப்பிட்டு, கடன் நிபந்தனைகளை மக்களுக்கு வெளிப்படுத்தி, முழுமையாக இணைக்கக்கூடிய பகுதியை முதலில் அமைப்பதே பொருத்தமானது. கிராமப் பாலம் போன்ற அடிப்படைத் தேவைகளையும் அதே தராசில் வைத்து நிறுக்க வேண்டும். விரலுக்கேற்ற வீக்கமே நன்று."

பயிற்சி வினாக்கள்

1. சந்தர்ப்பச் செலவு என்றால் என்ன? உங்கள் பிரதேசத்திலிருந்து ஓர் உதாரணம் தருக.
2. வாகனம் குறைந்தாலும் வீதியின் கடன் சுமை குறையாததற்கு இரு காரணங்கள் கூறுக.
3. கட்டணம் அறவிடாத கிண்ணியாப் பாலத்தின் பயன்கள் மூன்றினை எழுதுக.
4. "பயன்படுத்துபவரே செலவு முழுவதையும் செலுத்த வேண்டும்." இக்கூற்றை இரு பக்கமும் ஆராய்ந்து உமது முடிவைத் தருக.